டிராகுலா வீட்டில் படுக்கை விரிப்பது யார்?

பேய்க்கதை, மாயாஜாலக் கதை, விண்வெளிக் கதை, எதை எடுத்து உட்கார்ந்தாலும் கொஞ்ச நாளாக ஒரே கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. இந்த வீட்டில் சமைப்பது யார்? பாத்திரம் தேய்ப்பது யார்? ராஜாவின் விருந்து மண்டபத்தில் நானூறு பேர் உட்கார்ந்து வறுத்த மான்கறி தின்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த நானூறு தட்டும் கிண்ணமும் என்ன ஆயின? மழை கொட்டும் அந்த மலையுச்சிக் கோட்டைக்கு விறகு எந்த வழியாக ஏறியது? கேட்கத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடிவதில்லை. இப்படித்தான் ஒரு தடிமனான மாயாஜாலத் தொடரின் முதல் பாகத்தைப் பாதியில் மூடி வைத்தேன். டிராகன் பறந்ததை நம்பினேன். மாதக்கணக்காக முற்றுகையில் கிடக்கும் நகரத்தில் தினமும் காலையில் புது ரொட்டி கிடைத்ததைத்தான் நம்ப முடியவில்லை.

இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தது பெரியம்மா. அவர் நாவல் வாசிப்பவர் அல்ல, ஆனால் கதை கேட்பதில் கெட்டிக்காரர். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் உக்கிராண அறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். எத்தனை இலை விழும், எந்தப் பந்தியில் தயிர் குறையும், சமைக்க வந்த தவசிப்பிள்ளை எத்தனை தேங்காயைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்குவார் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரியும். வாசித்த கதைகளை அவரிடம் சொல்வது எனக்குப் பழைய பழக்கம். ஒருநாள் டிராகுலாவை ஆரம்பித்தேன். இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் வழக்கறிஞன் ஜொனாதன் ஹார்க்கர் சொத்துப் பத்திர வேலையாக டிரான்சில்வேனியா மலைக்கு வருகிறான். ஓநாய் ஊளை, நள்ளிரவுக் குதிரைவண்டி, கோட்டை வாசலில் தலை முதல் கால்வரை கறுப்பு உடுத்திய கிழவர். உள்ளே மேசையில் வறுத்த கோழி, பாலாடைக்கட்டி, சாலட், ஒரு பாட்டில் பழைய டோக்காய் ஒயின். ‘நான் சாப்பிட்டாயிற்று’ என்று சொல்லிவிட்டுப் பிரபு சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி நிறுத்தினேன். பெரியம்மா அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது சரி, அந்தக் கோழிய அடிச்சு உரிச்சு வறுத்தது யாருல?”

“வேலைக்காரங்க இருப்பாங்க பெரியம்மா.”

“எத்தன பேரு? நீ ஒருத்தரையும் சொல்லலியே.”

பயமுறுத்தப் போனவன் பதில் தெரியாமல் எழுந்து வந்தேன். பிறகு புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால், பிராம் ஸ்டோக்கர் 1897இலேயே அந்தக் கேள்வியைக் கேட்டு வைத்திருக்கிறார்.

ஹார்க்கர் சாப்பாட்டைக் கவனிக்கிற ஆள். முதல் பக்கங்களிலேயே வழியில் சாப்பிட்ட மிளகாய்க் கோழியைப் பற்றி எழுதி, தான் மணக்கப்போகும் மினாவுக்காகச் செய்முறை கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறான். அதனால்தானோ என்னவோ, கோட்டைக்குள் வந்ததும் அவன் கண்ணில் முதலில் உறுத்துவது ரத்தமும் பல்லும் அல்ல, வீட்டு நிர்வாகம். வந்த இரவு பிரபுவே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார். நேரமாகிவிட்டது, என் ஆட்கள் யாரும் இப்போது இல்லை, நானே கவனித்துக்கொள்கிறேன் என்கிறார். மறுநாள் எழுந்தால் காலைச் சாப்பாடு ஆறிப்போய் மேசையில் இருக்கிறது, காபி மட்டும் கணப்பருகே சூடாக இருக்கிறது, பக்கத்தில் ‘எனக்காகக் காத்திருக்க வேண்டாம்’ என்று ஒரு சீட்டு. சாப்பிட்டு முடித்தவன் வேலையாட்களைக் கூப்பிட மணியைத் தேடுகிறான். மணி இல்லை. தட்டுகள் எல்லாம் தங்கம், ஆனால் எடுத்து வைக்க ஒரு கை கண்ணில் படவில்லை. இதையெல்லாம் அவன் நாட்குறிப்பில் சும்மா எழுதிக்கொண்டே போகிறான். நாமும் சும்மா வாசித்துக்கொண்டே போகிறோம்.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்த இடம் வருகிறது. கதவுகள் எல்லாம் பூட்டியிருப்பதையும் தான் கைதி என்பதையும் ஹார்க்கர் அப்போதுதான் புரிந்துகொண்டிருக்கிறான். கீழே பெருங்கதவு மூடும் சத்தம் கேட்கிறது. சத்தமில்லாமல் தன் அறைக்குப் போகிறான். அங்கே டிராகுலா பிரபு, நூற்றாண்டுகளாகச் சாகாமல் இருப்பவர், துருக்கியரோடு போரிட்ட வம்சத்தின் பெருமையை மணிக்கணக்கில் பேசுகிறவர், குனிந்து அவன் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் தட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஹார்க்கரின் மூளை வழக்கறிஞனின் மூளை. இந்த வேலைகளை இவரே செய்கிறார் என்றால் செய்ய வேறு ஆள் இல்லை. வேறு ஆள் இல்லை என்றால், நள்ளிரவில் என்னைக் கூட்டிவந்த வண்டிக்காரனும் இவர்தான். அந்த வண்டிக்காரன் கையைச் சும்மா உயர்த்தி ஓநாய்களை அடக்கினான். அப்படியானால்?

அதற்குப் பிறகு பிரபு கோட்டைச் சுவரில் பல்லி மாதிரித் தலைகீழாக இறங்குகிற காட்சி வருகிறது. எல்லோருக்கும் நினைவிருப்பது அதுதான். எனக்கு இப்போது படுக்கைதான் பெரிது. சுவரில் இறங்குவது ஒரு வித்தை, அவ்வளவுதான். படுக்கை விரிப்பதைப் பார்த்த நிமிடத்தில் மொத்தக் கோட்டையும் காலியாகிவிடுகிறது. இதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சமையல்காரன், வண்டிக்காரன், விளக்கேற்றுகிறவன், வாசல் காக்கிறவன் எல்லோரும் ஒரே ஆளாகச் சுருங்கிவிடுகிறார்கள். அந்த ஆளோடு இவன் தனியாக இருக்கிறான். ஒரு பெரிய வீட்டில் நடமாட்டம் கேட்கவில்லை என்றால், உள்ளே எங்கேயோ யாரோ வேலையாக இருக்கிறார்கள் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். ஸ்டோக்கர் அந்த நினைப்பில் கை வைக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அந்தக் காட்சியில் எனக்கு டிராகுலா மேல் பாவமாக இருந்தது. விருந்தாளி வந்திருக்கிறான், வீட்டில் ஆள் இல்லை. அது தெரியக் கூடாது என்று விருந்தாளி தூங்கும் நேரத்திலும் வெளியே போன நேரத்திலும் ஓடி ஓடி வேலை செய்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்து வம்சப் பெருமை பேசுகிற ஒரு பழைய பண்ணையார். இந்த மாதிரி வீடு எங்கள் பக்கத்திலும் உண்டு. முன்கட்டில் சாய்வு நாற்காலியும் தாத்தா படமும் இருக்கும், பின்கட்டில் ஓடு சரிந்திருக்கும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவரும் “ஆளத்துப் போன வீடு, பாவம்” என்றார். அடுத்த நொடியே, “அப்பவும் கோழிக்குப் பதில் சொல்லலியே நீ” என்றார். உண்மைதான். ஹார்க்கர் அந்தக் கோட்டையின் சமையலறையைப் பார்ப்பதே இல்லை. மனிதச் சாப்பாடு சாப்பிடாத ஒருவர் எப்படி அவ்வளவு பக்குவமாகக் கோழி வறுத்தார் என்பது மர்மமாகவே நிற்கிறது.

ஸ்டோக்கர் லண்டனில் லைசியம் நாடக அரங்கின் நிர்வாக மேலாளராக 27 ஆண்டுகள் இருந்தவர். மேடையில் ஒரு பேய் தோன்றக் கீழே எத்தனை பேர் கயிறு இழுக்க வேண்டும், அவர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்பது அவருக்குக் கணக்குப் புத்தகத்தில் தெரியும். நாவலின் இரண்டாம் பாதியை அந்தக் கண்ணோடு வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. டிராகுலா இங்கிலாந்துக்குத் தன்னோடு 50 மண் பெட்டிகளைக் கொண்டுபோகிறார். கோட்டையில் தனியாளாக எல்லா வேலையும் பார்த்தவருக்கு லண்டனில் அது நடப்பதில்லை. கப்பல் வேண்டும், சரக்கு முகவர் வேண்டும், மூட்டை தூக்குகிறவர்கள் வேண்டும். சிலுவையும் பூண்டும் ஒருபக்கம் இருக்க, அந்தப் பெட்டிகள் எங்கெங்கே போயின என்று கண்டுபிடிப்பது ஹார்க்கர்தான். சரக்கு ரசீதுகளைப் பார்த்து, வண்டிக்காரர்களையும் சுமைதூக்கிகளையும் தேடிப் போய், குடிக்கக் காசு கொடுத்து விசாரிக்கிறான். அதில் ஒரு தொழிலாளிக்கு நன்றாக நினைவிருக்கிறது: அந்தக் கிழவர் பெட்டியின் மறுமுனையைத் தானே தூக்கினார், அப்படி ஒரு பலசாலியை நான் பார்த்ததில்லை என்கிறான். முதல் பாதியில் ஆள் இல்லாததால் டிராகுலா யார் என்று தெரிந்துபோகிறது. இரண்டாம் பாதியில் ஆள் வைத்ததால் எங்கே என்று தெரிந்துபோகிறது.

ஆறு மணிக்குச் சாப்பாடு, இருட்டுமுன் வீடு

இந்தக் கேள்வியோடு அடுத்து எடுத்தது ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’. 1959இல் வந்தது. இதில் வேலைக்காரி உண்டு, மிஸஸ் டட்லி. பேயை ஆராய வந்த நான்கு பேருக்குச் சமைத்துப் போடுகிறவர். ஒன்பதுக்குக் காலை உணவு, பத்துக்கு மேசை துடைப்பு, ஒன்றுக்கு மதிய உணவு, ஆறுக்கு இரவு உணவு. வாய் திறந்தால் இந்த நேரக் கணக்கு மட்டும்தான் வருகிறது. உணவை வைத்துவிட்டு இருட்டுவதற்குள் நான் போய்விடுவேன் என்கிறார். ஆறு மைல் தள்ளி ஊர், ராத்திரியில் நீங்கள் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது என்கிறார். மிரட்டலாகக்கூடச் சொல்வதில்லை, பால் கணக்குச் சொல்கிற தொனியில் சொல்கிறார். வேடிக்கை என்னவென்றால் அவர் சமையல் பிரமாதம். ஒவ்வொரு வேளையும் எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள். எந்த வீட்டில் ஒரு பொழுதுக்கு மேல் இருக்க ஒரு சமையல்காரி சம்மதிக்க மாட்டாரோ அந்த வீட்டில் இவர்கள் படுத்துத் தூங்குகிறார்கள்.

ஆனால் மிஸஸ் டட்லியைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நால்வரில் ஒருத்தியான எலினார். 32 வயது. 11 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பணிவிடை செய்தவள். தூக்குவது, மாற்றுவது, ஊட்டுவது, இரவில் அம்மா சுவரைத் தட்டினால் எழுந்து மருந்து கொடுப்பது, இதைத் தவிர அவளுக்கு வாழ்க்கை என்று ஒன்று இருக்கவில்லை. அம்மா செத்த பிறகு தன் வயதில் முதல்முறையாக ஓர் இடத்துக்குத் தனியாக வருகிறாள். வந்த வீட்டில் இரவு சுவரில் தட்டும் சத்தம் கேட்கிறது. தூக்கத்தில் அவள் வாயில் வருவது ‘இதோ வந்துட்டேன் அம்மா’. கண் விழித்துப் பார்த்த பிறகுதான் இது ஹில் ஹவுஸ் என்று தெரிகிறது. அம்மா செத்த இரவில் அந்தத் தட்டும் சத்தம் கேட்டும் தூங்கிவிட்டேனோ என்ற சந்தேகம் அவளை விட்டுப் போகவில்லை என்பதைப் பின்னால் அவளே சொல்கிறாள். நோயாளி இருக்கும் வீட்டில் இரவு விழித்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் பேய் எது என்று யாரும் விளக்க வேண்டாம். ஜாக்சன் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர். குழந்தைகள், சமையல், பழுதான அடுப்பு பற்றிய நகைச்சுவைப் புத்தகங்களும் அவர் எழுதியிருக்கிறார், நன்றாக விற்றன. விமர்சகர்கள் அந்த எழுத்தையும் இந்த எழுத்தையும் தனித்தனி அலமாரியில் வைப்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே வீட்டின் பகலும் இரவும் போலத்தான் படுகிறது.

விறகு போட்டுவிட்டுப் போன பூதம்

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பற்றி எல்லோருக்கும் ஒரு படம் மனதில் இருக்கும். கழுத்தில் போல்ட், தட்டையான மண்டை, கையை நீட்டி நடை. அது சினிமா கொடுத்தது. 18 வயதில் அவர் எழுதத் தொடங்கி, 1818இல் பெயர் போடாமல் வெளிவந்த நாவலில் அந்தப் படைப்பு நிறையப் பேசும், வாசிக்கும், அழும். நடுப்பகுதியில் அது ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்திருக்கிறது. கண் தெரியாத அப்பா, மகன் ஃபீலிக்ஸ், மகள் அகாதா. முதலில் இரவில் அவர்களின் உணவில் கொஞ்சம் திருடித் தின்கிறது. பிறகு, அவர்களுக்கே போதவில்லை என்பது தெரிந்ததும் திருட்டை நிறுத்திவிட்டுக் காட்டுப் பழங்களும் கிழங்கும் தின்று காலம் தள்ளுகிறது. ஃபீலிக்ஸின் பெரும்பொழுது விறகு வெட்டுவதிலேயே போகிறது என்று கவனித்து, இரவில் அவன் கருவிகளை எடுத்துக்கொண்டு போய் விறகு கொண்டுவந்து வாசலில் போடுகிறது. பனி கொட்டினால் பாதையைத் துடைத்து வைக்கிறது. காலையில் அந்தக் குடும்பம் ஆச்சரியப்பட்டு, இது ஏதோ நல்ல ஆவியின் வேலை என்று பேசிக்கொள்கிறது. கொட்டகைக்குள் இருந்து அதைக் கேட்டு இது மகிழ்கிறது.

கடைசியில் முகத்தைக் காட்டுகிறது. ஃபீலிக்ஸ் கம்பை எடுத்து அடித்து விரட்டுகிறான். வேலை செய்தது கண்ணில் படாதவரை நல்ல ஆவி, செய்தவன் முகம் தெரிந்ததும் கம்பு. அந்த மாதங்களுக்கான கூலியைத்தான் அது பின்னால் தன்னைப் படைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனிடம் கேட்கிறதோ என்று இந்த முறை தோன்றியது. எனக்கு ஒரு துணை படைத்துக் கொடு என்கிறதே, அது கெஞ்சலைவிடக் கணக்குக் கேட்பது போல இருக்கிறது.

நம் ஊர்க் கதைகளில் இந்தக் கணக்கு வெளிப்படையாகவே உண்டு. குட்டிச்சாத்தானை வசப்படுத்தியவன் அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேலை தீர்ந்தால் ஏவியவனையே அது பிடித்துக்கொள்ளும். சுருட்டை முடியைக் கொடுத்து நேராக்கச் சொல்லித் தப்பித்தவன் கதையைச் சின்ன வயதில் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறோம். புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’யில் செய்தது இன்னும் நுணுக்கம். பிச்சைக்கு வந்தவளை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். எழுத்தாளனாகிய கணவனுக்கு அவள் அமானுஷ்யம், ராத்திரி பூராவும் தூக்கம் போகிறது. மனைவிக்கோ கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆள், பேச்சுத் துணை. அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் கதை ஊசலாடுகிறது. கணவன் பயந்து சாவதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்த வீட்டில் மனைவிக்கு ஏன் ஓர் ஆள் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்று யாராவது எழுதினால் வாசிப்பேன்.

எச்சில் இலை

அறிவியல் புனைவுக்கு வந்தால் இந்தக் கேள்விக்கு மிக நேரான பதில் சொன்னவர்கள் ரஷ்யாவின் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள், ‘ரோட்சைட் பிக்னிக்’ நாவலில். வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்துவிட்டுப் போய்விட்டார்கள். யாரையும் சந்திக்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. வந்து போன இடத்தில் விளங்காத பொருள்கள் கிடக்கின்றன, தொட்டால் உயிர் போகிற பொறிகளும் கிடக்கின்றன. கதையில் ஒரு விஞ்ஞானி சொல்கிற விளக்கம் பிரபலம்: சாலையோரம் சிலர் காரை நிறுத்திச் சாப்பிட்டுப் பாட்டுக் கேட்டுவிட்டு, குப்பையையும் எண்ணெய்க் கறையையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்புறம் புல்லிலிருந்து பூச்சிகளும் பிராணிகளும் வந்து அதைப் பார்த்துத் திகைக்கின்றன. ஆக மொத்த நாவலும் எச்சில் இலை பொறுக்குகிறவர்களைப் பற்றியது. ரெட் என்கிற ரெட்ரிக் ஷுகார்ட் பகலில் ஆய்வு நிறுவனத்தில் உதவியாளன், இரவில் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்து பொருள் கடத்துகிறவன். அவனுக்குப் பிரபஞ்ச ரகசியம் முக்கியம் இல்லை, இந்த முறை எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு நாளைக்கு வரும் என்பதுதான் முக்கியம். அவன் குழந்தை நாளாக நாளாக மனிதக் குழந்தை இல்லாமல் ஆகிறாள். செத்துப் புதைத்த அப்பா கல்லறையிலிருந்து திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அதற்கும் ஓர் இடம் போட்டு வாழ்க்கையை நடத்துகிறார்கள்.

1972இல் பத்திரிகையில் வந்த இந்த நாவல் சோவியத்தில் புத்தகமாக வர 8 ஆண்டு பிடித்தது, அதுவும் வெட்டித் திருத்தித்தான். பதிப்பகத்தாருக்கு அதில் குடியும் கெட்ட வார்த்தையும் அடிதடியும் அதிகமாகத் தெரிந்தன. வேற்றுக்கிரகத்தார் வந்து போனதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை, வேலை செய்கிறவன் அலுப்போடு பேசுவதில்தான் சிக்கல்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் சூசன்னா கிளார்க்கின் ‘பிரனேசி’. 2020இல் வந்தது, அடுத்த ஆண்டே பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்றது. கதையைச் சொன்னால் கெட்டுப்போகும், அதனால் வீட்டை மட்டும் சொல்கிறேன். முடிவில்லாத மண்டபங்கள், எங்கும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல். அங்கே வாழ்கிற ஒருவன் மீன் பிடிக்கிறான், சிப்பி பொறுக்குகிறான், கடற்பாசியைக் காயவைத்து அடுப்பெரிக்கிறான், கடல் ஏறும் நேரத்தைக் கணித்து எழுதி வைக்கிறான். அங்கே கிடக்கும் 13 பேரின் எலும்புகளைத் துடைத்து அடுக்கி, அவற்றுக்கு உணவும் நீரும் அல்லிப் பூவும் படைக்கிறான். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் இன்னொருவன் வருகிறான், நல்ல உடுப்பு, கையில் பளபளக்கும் கருவி. அவன் கேட்கிறான், இவன் அலைந்து தேடிக் குறித்துக் கொடுக்கிறான். அவன் ஒரு துரும்பைக்கூட எடுத்து வைப்பதில்லை. யாரை நம்பலாம் என்பதற்கு எனக்கு வேறு துப்பு தேவைப்படவில்லை. ஒரு கட்டத்தில் ஆல்பட்ராஸ் பறவை ஜோடி ஒன்று அந்த மண்டபங்களுக்கு வந்து கூடு கட்டப் பார்க்கிறது. இவன் குளிருக்கு எரிக்கச் சேர்த்த காய்ந்த கடற்பாசியை எடுத்துக் கொடுக்கிறான். உலகத்தில் ஒரு புது ஆல்பட்ராஸ் வருவதற்கு முன்னால் சில நாள் குளிர் என்ன பெரிது என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கு நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம், அந்தப் பாசியைப் பொறுக்கிக் காயவைக்க எத்தனை பாடு என்பதை அதற்குள் நாமும் பார்த்துவிட்டோம். கிளார்க் முதல் நாவலுக்குப் பிறகு நெடுங்காலம் நோயால் வீட்டோடு முடங்கியிருந்தவர். ஒரு வீட்டின் மூலை முடுக்கெல்லாம் உலகமாக விரிவது அப்படி இருந்தவருக்குத்தான் வரும்.

எனக்குப் புத்தகம் கடன் கொடுக்கும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சலித்துக்கொண்டார். “ஆள் மாயாஜாலக் கதை வாசிக்கிறதே இந்த அடுப்படி நினைப்பிலிருந்து தப்பிக்கத்தான். அங்கேயும் போய்ப் பாத்திரத்தை எண்ணுவீர்களா?” அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டி சொல்கிற ராஜகுமாரி கதையில் சமையல் கணக்குக் கேட்பவன் கதைக்கு லாயக்கில்லை. அங்கே எல்லாமே ஒரே வேகத்தில் பறக்கிறது, யாரும் யாரையும் நம்பச் சொல்லவில்லை. ஆனால் எழுநூறு பக்கம் எழுதி, வரைபடம் போட்டு, வம்சாவளி கொடுத்து, நாணயத்துக்குப் பெயர் வைத்து, இது உண்மையான நாடு என்று சத்தியம் செய்கிறவரிடம் ரொட்டிக்கு மாவு எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில் இருவர் பனிப்பாளத்தைக் கடக்கிற நீண்ட பயணம் வருகிறது. ஒருவர் வேற்றுலகத்தார். இன்று எவ்வளவு தூரம், எவ்வளவு குளிர், எத்தனை வேளைக்கு உணவு மிச்சம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கூடாரத்துக்குள் ஒரு சின்ன அடுப்பு. அந்த அடுப்பைச் சுற்றித்தான் இரண்டு உலகத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் புரிந்துகொள்கிறார்கள். நண்பருக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான், அதை நான் நினைவுபடுத்தியபோது பேச்சை மாற்றிவிட்டார்.

பேய்களே சமைத்தால்

இவ்வளவும் வாசித்த பிறகு கலிங்கத்துப்பரணியைத் திறந்தேன். கல்லூரியில் பரீட்சைக்குப் படித்ததோடு சரி, போர் பாடியதும் கடை திறப்பும் மட்டும் மங்கலாக நினைவிருந்தது. ‘கூழ் அடுதல்’ பகுதியை அந்த நாளில் யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார், குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்ற களத்தில், பசித்த பேய்களைக் கூப்பிட்டுச் சமைக்க வைக்கிறார். அதுவும் வரிசைப்படி. முதலில் பல் விளக்கு: யானைத் தந்தம்தான் பல்குச்சி. விலா எலும்பை எடுத்து நாக்கை வழி. பிறகு தலைக்குக் குளியல். அப்புறம்தான் அடுப்படி. செத்தவர்களின் பற்கள் அரிசி, முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. பேய்கள் கூட்டமாக நின்று குத்தும்போது, உலக்கைப் பாட்டான வள்ளைப்பாட்டும் பாடுகின்றன. பரிமாறும்போது பந்தி விசாரணை: பார்ப்பனப் பேய்க்கு, சமணப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு, கருவுற்ற பேய்க்கு என்று ஒவ்வொன்றின் பக்குவம் பார்த்து ஊற்றச் சொல்கிறார். ஓர் ஆள் வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து வேலை செய்கிற கோட்டை இல்லை இது. எல்லாம் திறந்தவெளி, எல்லோரும் வேலை, எல்லோருக்கும் பந்தி.

பெரியம்மாவிடம் சொன்னேன். எலும்பு, ரத்தம், மூளை எதற்கும் முகம் சுளிக்கவில்லை. “குளிச்சிட்டுத்தான அடுப்படிக்குப் போகுதுக? ரொம்ப நல்லது” என்றார்.

அவர் அப்படிச் சொன்னபிறகும் எனக்கு ஒன்று இடறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமையலில் உக்கிராணச் சரக்கு முழுவதும் கலிங்கத்து மனிதர்கள். அவர்கள் பல், அவர்கள் எலும்பு, அவர்கள் யானை. செயங்கொண்டாருக்கு அது வெற்றியின் வளம், பேய்கள் வயிறு நிறைந்து சோழனை வாழ்த்துகின்றன. அந்தப் பாட்டின் சந்தத்தில் தலையாட்டிக்கொண்டே போய்விடலாம், நானும் போனேன், அரிசி குத்துகிற இடத்தில் மட்டும் கால் நின்றது. செயங்கொண்டார் அங்கே நிற்கவில்லை. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியை உரையோடு எடுத்து வைத்திருக்கிறேன். அவருடைய களத்தில் அடுப்புக்கு என்ன போட்டார் என்று பார்த்துவிட்டு, அந்த டிராகன் தொடரின் மிச்சப் பக்கங்களுக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும்.